பிஸ்கட் டின்னில் கிடந்த பழைய மருந்துப் பைகள்

“இந்த மருந்தை இதுக்கு முன்னாடி எப்பவாவது சாப்பிட்டிருக்கீங்களா?”

மருத்துவர் கேட்ட இந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வயிற்றில் இருந்த கிருமியைக் கொல்ல 14 நாள் மருந்து சாப்பிட்டு முடித்திருந்தேன். பரிசோதனை முடிவோ, கிருமி அப்படியே இருப்பதாகச் சொன்னது. எனக்குக் கொடுத்த மருந்துகளில் ஒன்றின் பெயர் கிளாரித்ரோமைசின். அந்தப் பெயரை வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கேள்விப்படுகிறேன் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரியான பதில் சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில், ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் நோய் எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வயது 48. சாங்கியில் விமானச் சரக்குக் கிடங்கில் வேலை, 12 மணி நேர ஷிஃப்ட். இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. இரவு ஷிஃப்டில் இரண்டு மணி, மூன்று மணி வாக்கில் மேல்வயிற்றில் ஏதோ கவ்விப் பிடிக்கிற மாதிரி வலி வரும். இரண்டு பிஸ்கட் தின்றால் அடங்கிவிடும், அதனால் பசி வலி என்றே எடுத்துக்கொண்டேன். முதுகுவலிக்கு வலி மாத்திரையும் அவ்வப்போது போட்டுக்கொண்டிருந்தேன். இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஹீமோகுளோபின் 9.8, அதாவது ரத்தசோகை. “மலம் கறுப்பா, தார் மாதிரி போகுதா?” என்று அங்கிருந்த மருத்துவர் கேட்ட பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். போயிருக்கிறது. கவனித்தும் நான் பொருட்படுத்தாமல் விட்டிருக்கிறேன். தார் மாதிரிக் கறுப்பு மலம் என்றால் உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது அப்படி இருந்தால் தயவுசெய்து அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்ததில் சிறுகுடல் தொடங்கும் இடத்தில் புண். அப்போதே இரைப்பையிலிருந்து ஒரு துணுக்குச் சதையை எடுத்து மஞ்சள் நிறக் கூழ் ஒன்றில் வைத்தார்களாம். அது ரோஜா நிறத்துக்கு மாறிவிட்டது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி யூரியாவை உடைத்து அமோனியாவை உண்டாக்கும், அதனால்தான் இந்த நிறமாற்றம். இரைப்பையின் அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்று ஒரு காலத்தில் மருத்துவ உலகமே நம்பியிருந்தது. இந்தக் கிருமி தன்னைச் சுற்றி அமோனியாவை உண்டாக்கி, அமிலத்தை மட்டுப்படுத்திக்கொண்டு, சளிப்படலத்துக்குள் பதுங்கி வாழ்கிறது.

இதைக் கண்டுபிடித்த கதையை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுக்காது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரண்டு மருத்துவர்கள் நோயாளிகளின் இரைப்பைச் சதையிலிருந்து இந்தக் கிருமியை வளர்த்தெடுக்க முயன்றார்கள், ஒன்றும் வளரவில்லை. வழக்கமாக இரண்டு நாளில் தட்டுகளைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். 1982இல் ஈஸ்டர் விடுமுறை குறுக்கே வந்ததால் தட்டுகள் கூடுதலாகச் சில நாள் கிடந்தன, கிருமியும் வளர்ந்திருந்தது. அவ்வளவு மெதுவாக வளர்கிற உயிர் அது. நோய்க்கு இந்தக் கிருமிதான் காரணம் என்று அப்போதும் பலர் நம்பவில்லை என்பதால் 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். சில நாட்களில் அவருக்கு வாந்தியும் இரைப்பை அழற்சியும் வந்தன. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களுக்கு முன்னால் வாழ்ந்த என் அப்பா, “அல்சர்” என்று சொல்லி ஆயுள் முழுக்கப் பத்தியச் சாப்பாடு சாப்பிட்டார். அவருக்கும் இந்தக் கிருமி இருந்திருக்குமோ என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

முதல் சிகிச்சையில் மூன்று மருந்துகள். அமிலத்தைக் குறைக்க ஒமிப்ரசோல், கிருமியைக் கொல்ல அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின். காலை, மாலை என்று இரண்டு வேளைதான், சுலபமாகத்தான் தெரிந்தது. மருந்து வழங்குமிடத்தில் இருந்த மருந்தாளர் ஒரு நல்ல காரியம் செய்தார். கொழுப்புக்கு நான் சாப்பிட்டு வந்த சிம்வாஸ்டேட்டினை அந்த 14 நாளும் நிறுத்தச் சொன்னார். கிளாரித்ரோமைசினுடன் அது சேர்ந்தால் தசைகள் சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கக்கூடுமாம். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்டிருக்காவிட்டால் நான் சொல்லியிருக்கவே மாட்டேன்.

வாயெல்லாம் கசந்தது. இரவு ஷிஃப்டில் நான்கைந்து வேளை மருந்து தவறிப்போனது. முடிக்கும்போது வலி இல்லை, அதனால் குணமாகிவிட்டது என்று நினைத்தேன். திரும்பப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்த தேதியை வேலை காரணமாக இரண்டு முறை தள்ளிப்போட்டேன். நான் செய்த பெரிய பிழை இதுதான். அமிலம் குறைந்தாலே புண் ஆறும், வலியும் போகும், ஆனால் கிருமி உள்ளேயே இருக்கும். மறுபடி ராத்திரி வலி வந்து, ஐந்து மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோதுதான் தெரிந்தது.

அங்கேதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். இது நான் முதலில் பார்த்தவர் இல்லை, வேறொரு மருத்துவர். நிதானமாகப் பேசுகிறவர். “ஞாபகப்படுத்திப் பார்த்துட்டு, அடுத்த வாரம் வந்து சொல்லுங்க. அதைப் பொறுத்துத்தான் அடுத்த மருந்து” என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அலமாரியின் மேல்தட்டிலிருந்து டின்னை இறக்கினாள். சிங்கப்பூரில் எந்த கிளினிக்குக்குப் போனாலும் மருந்தைச் சிறிய பிளாஸ்டிக் பையில் போட்டு, அதன்மேல் பெயர், தேதி, மருந்தின் பெயர், எத்தனை வேளை என்று அச்சடித்து ஒட்டித்தான் கொடுப்பார்கள். மிச்சமான மருந்தைப் பையோடு அந்த டின்னில் போட்டுவைப்பது அவள் வழக்கம். என்றைக்காவது தேவைப்படும் என்ற எண்ணம்தான். அதை நான் பலமுறை குறை சொல்லியிருக்கிறேன்.

சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் கொட்டி ஒவ்வொன்றாகப் படித்தோம். இருமல் மருந்து, காய்ச்சல் மாத்திரை, அம்மாவின் பிரஷர் மாத்திரை. கொஞ்ச நேரத்தில் அவள் ஒரு பையை விளக்கடியில் பிடித்து, “என்னங்க, இதைப் பாருங்க” என்றாள். கிளாரித்ரோமைசின். நெஞ்சுச் சளிக்கு ஏதோ ஒரு கிளினிக்கில் கொடுத்தது, என் பெயர்தான், ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி. அடியில் இன்னொரு பை, அதே மருந்து, வேறு வருடம். இரண்டிலும் மாத்திரை மிச்சம் இருந்தது. அதாவது இரண்டு முறையும் இருமல் நின்றதும் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். இன்னும் தேடியதில் சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுத்த சிப்ரோஃபிளாக்சசின், பல் வீங்கியபோது கொடுத்த மெட்ரோனிடசோல்.

எல்லாப் பைகளையும் ஒரு கவரில் போட்டுக்கொண்டு போய் மருத்துவர் மேசையில் வைத்தேன். அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன். ஒவ்வொரு பையையும் எடுத்து வைத்து விளக்கினார். நான் புரிந்துகொண்டது இது.

இருமலுக்குச் சாப்பிட்ட கிளாரித்ரோமைசின் நுரையீரலோடு நிற்பதில்லை. வயிற்றில் குடியிருக்கும் பைலோரியின் மீதும் படுகிறது. எளிதில் சாகக்கூடியவை செத்துப்போக, அந்த மருந்துக்கு அசையாதவை மிஞ்சிப் பெருகுகின்றன. வருடங்கள் கழித்து அதே மருந்தை வயிற்றுக்கென்றே கொடுக்கும்போது கிருமி அதற்குப் பழகியிருக்கிறது. ஆகவே ஒருமுறை தோற்ற கிளாரித்ரோமைசினை மறுபடி கொடுப்பதில் பயனில்லை. தோற்றவர்களுக்கு லீவோஃபிளாக்சசின் கலந்த சிகிச்சை ஒரு வழி. ஆனால் சிப்ரோஃபிளாக்சசின் அதன் பங்காளி, அதைச் சாப்பிட்டிருந்தால் இதற்கும் கிருமி மசியாமல் போகலாம். அந்தப் பை இருந்ததால் அந்த வழியையும் விட்டார். மெட்ரோனிடசோல் மட்டும் வேறு மாதிரி. ஊரில் வயிற்றுப்போக்கு என்றாலே கடையில் வாங்கி விழுங்கி வளர்ந்தவர்கள் நாம், எதிர்ப்பு இருக்கத்தான் செய்யும். ஆனாலும் அளவைக் கூட்டி, பிஸ்மத்தோடு சேர்த்து, முழு 14 நாள் கொடுத்தால் அந்த எதிர்ப்பைப் பெரும்பாலும் மீறிவிட முடியுமாம். அமாக்சிசிலினுக்கும் டெட்ராசைக்ளினுக்கும் இந்தக் கிருமி அபூர்வமாகத்தான் எதிர்ப்பு காட்டும்.

அப்படித்தான் பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்துச் சிகிச்சை எனக்கு முடிவானது. அமிலம் குறைக்கும் மாத்திரை, பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல். எல்லாமே பழைய மருந்துகள். பிஸ்மத் ஓர் உலோகம், அதன் உப்புகளை வயிற்றுக்கு மருந்தாகக் கொடுப்பது நூற்றாண்டு தாண்டிய வழக்கம். பென்சிலின் வகை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இதைக் கொடுக்கலாம், ஏனென்றால் இதில் அமாக்சிசிலின் இல்லை. கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் டெட்ராசைக்ளின் கூடாது. 2024இல் அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர்களின் அமைப்பு (ACG) வெளியிட்ட வழிகாட்டியில் இந்தச் சிகிச்சையையே முதல் தடவைக்கும் பரிந்துரைத்திருக்கிறார்கள். கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று சோதித்துப் பார்க்காத நிலையில் கிளாரித்ரோமைசினை நம்ப முடியாது என்பதுதான் காரணம்.

இரண்டாவது 14 நாளைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஒரு நாளைக்கு 20 மாத்திரை. பிஸ்மத் 4, டெட்ராசைக்ளின் வேளைக்கு 2 வீதம் 8, மெட்ரோனிடசோல் 6, அமில மாத்திரை 2. மொத்தம் 280. மருந்துக் கவரைத் தூக்கும்போதே மலைப்பாக இருந்தது. மருத்துவர் என் ஷிஃப்டைக் கேட்டுவிட்டு, “முதல்ல வேலையைச் சரி பண்ணுங்க, அப்புறம் ஆரம்பிங்க. ஒரு வாரம் தள்ளினா தப்பில்லை. ஆரம்பிச்சா நடுவுல விடக்கூடாது” என்றார். மேற்பார்வையாளரிடம் பேசி இரண்டு வாரத்தைப் பகல் ஷிஃப்டாக மாற்றிக்கொண்டேன். எனக்குக் கிடைத்த யோசனைகளிலேயே சிறந்தது இதுதான்.

மனைவி ஒரு தாளில் கட்டம் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினாள். காலைச் சாப்பாட்டுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் அரை மணி நேரம் முன்னால் அமில மாத்திரை. மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும், படுக்கப் போவதற்கு முன்னாலும் மற்றவை. விழுங்கியதும் பேனாவால் ஒரு கோடு. வேலையிடத்துக்கு ஒரு சின்ன டப்பா, கைப்பேசியில் அலாரம்.

அம்மா அப்போது எங்களோடு இருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். வயிற்றுப் புண் என்று கேட்டதிலிருந்து மணத்தக்காளிக் கீரையும் மோரும்தான். தேக்கா சந்தைக்குப் போய்க் கீரை வாங்கி வந்து, தயிர் கடைந்து, சாப்பிட்டு முடித்ததும் டம்ளரை நீட்டுவார். “ஒரு வாய் குடிடா தம்பி, வயிறு குளிரும்.” முதல் நாள் மத்தியானம் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே அந்த மோரை வாங்கப் போய்விட்டேன். மனைவிதான் தடுத்தாள். மருந்துப் பையின் மேலேயே அச்சடித்திருந்தது, பால் பொருள்களோடு சாப்பிடக்கூடாது என்று.

பாலிலும் தயிரிலும் மோரிலும் உள்ள சுண்ணாம்புச் சத்து டெட்ராசைக்ளினைப் பிடித்துக்கொள்ளும். மருந்து உடம்பில் சேராமல் போய்விடும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்துக்கும் இரும்புச் சத்து மாத்திரைக்கும் இதே குணம். எனக்கு ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை கொடுத்திருந்தார்கள், அதை அந்த இரண்டு வாரமும் நிறுத்திவைக்கச் சொன்னார் மருத்துவர். யோசித்துப் பாருங்கள், நம் வீடுகளில் வயிற்றுக்கு நல்லது என்று அன்போடு கொடுப்பதெல்லாம் மோரும் பாலும்தான். எத்தனை பேர் மருந்தை மோரோடு விழுங்கிவிட்டு, மருந்து கேட்கவில்லை என்று சொல்லியிருப்பார்களோ.

அம்மாவுக்கு மனம் சுருங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினேன். “அம்மா, மோர் கெட்டது இல்ல. இந்த மாத்திரைக்கும் அதுக்கும்தான் ஆகாது. பதினாலு நாள் பொறுத்துக்கோங்க.” மறுநாளிலிருந்து மோருக்குப் பதில் சீரகத் தண்ணீர். கீரையைத் தேங்காய்ப்பால் இல்லாமல் பருப்போடு சேர்த்து மசித்துக் கொடுத்தார். தேங்காய்ப்பாலால் ஒன்றும் ஆகாது என்று சொல்லியும் கேட்கவில்லை, ‘பால்’ என்ற பெயரே வேண்டாம் என்றுவிட்டார். வேலையிடத்துக் காப்பிக்கடையில் தே-ஓ. பால் ஊற்றாத தேநீர் இரண்டாவது வாரத்தில் பிடித்தும் போனது.

மூன்றாம் நாள் நாக்கு கறுத்தது. நான்காம் நாள் மலம் கறுப்பாகப் போனது, எனக்குக் குலை நடுங்கிவிட்டது. மறுபடி ரத்தமா? மருந்தாளர் சொன்னது பிறகுதான் நினைவுக்கு வந்தது. பிஸ்மத் நாக்கையும் மலத்தையும் கறுக்க வைக்கும், மருந்தை முடித்ததும் போய்விடும். ரத்தம் கசிந்தால் போகும் மலம் தார் போலப் பிசுபிசுப்பாக, தனி நாற்றத்தோடு இருக்கும், கூடவே தலைசுற்றலும் களைப்பும் வரும். எனக்கு அவை எதுவும் இல்லை. முன்பே சொல்லிவைக்காமல் இருந்திருந்தால் பயத்தில் மருந்தையே நிறுத்தியிருப்பேன். உங்களுக்குச் சந்தேகமாக இருந்தால் நீங்களாக முடிவு கட்டாமல் கொடுத்தவர்களிடமே கேட்டுவிடுங்கள்.

மெட்ரோனிடசோல் வாயில் காசைப் போட்டுச் சப்புகிற மாதிரி ஒரு ருசியைக் கொடுக்கும். சிறுநீரும் கொஞ்சம் பழுப்பாகப் போகலாம். மது அறவே கூடாது, முடித்த பிறகும் இரண்டு மூன்று நாள் கூடாது. நான் குடிப்பதில்லை, ஆனால் சில இருமல் மருந்துகளிலும் மதுசாரம் உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். டெட்ராசைக்ளினை ஒரு டம்ளர் தண்ணீரோடு நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்க வேண்டும், விழுங்கிய அரை மணி நேரத்துக்குப் படுக்கக்கூடாது. தொண்டைக்குக் கீழே சிக்கிக்கொண்டால் அங்கே புண்ணாகிவிடும். ஒரு ராத்திரி தூக்கக் கலக்கத்தில் ஒரே மிடறுத் தண்ணீரில் விழுங்கிப் படுத்துவிட்டு, விடிய விடிய நெஞ்சு வலித்தது. வெயிலில் தோலும் சீக்கிரம் சிவந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டை இரண்டு வாரம் விட்டுவிட்டேன்.

எட்டாம் நாள், ஒன்பதாம் நாள்தான் கஷ்டம். குமட்டல் தாங்காமல் இன்றைக்கு ஒரு வேளை விட்டால் என்ன என்று தோன்றியது. கட்டம் போட்ட தாளில் கோடுகள் விடாமல் வரிசையாக இருந்தன. அந்த வரிசையை உடைக்க மனம் வரவில்லை. இரண்டு இட்லியை மெதுவாகச் சாப்பிட்டு, கால் மணி நேரம் கழித்து விழுங்கினேன்.

முடிந்ததும் உடனே பரிசோதனை செய்துகொள்ள முடியாது. ஊதிப் பார்க்கும் சோதனைக்குக் குறைந்தது நான்கு வாரம் போக வேண்டும். அந்த நான்கு வாரத்தில் எந்த நோய்க்கும் ஆன்டிபயாட்டிக் கூடாது, பிஸ்மத் கூடாது. அமில மாத்திரையைக் கடைசி இரண்டு வாரம் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தாலும் இல்லை என்று பொய்யாகக் காட்டிவிடும். ரத்தப் பரிசோதனை இதற்கு உதவாது. கிருமி செத்த பிறகும் ரத்தத்தில் அதன் அடையாளம் நீண்ட காலம் இருக்கும். நான் ஆறு வாரம் காத்திருந்தேன். இடையில் தொண்டை கட்டி ஒரு கிளினிக்குக்குப் போனபோது, நான் முதலில் சொன்னதே இந்தப் பரிசோதனையைப் பற்றித்தான். ஆன்டிபயாட்டிக் தேவையில்லை, வைரஸ்தான் என்று பனடால் (பாராசிட்டமால்) கொடுத்து அனுப்பினார்கள்.

வெறும் வயிற்றோடு போய், ஒரு பைக்குள் மூச்சை ஊதி, யூரியா கலந்த தண்ணீரைக் குடித்து, அரை மணி நேரம் கழித்து இன்னொரு பைக்குள் ஊத வேண்டும். அந்த யூரியாவில் இருப்பது கார்பன்-13, கதிர்வீச்சு கிடையாது. கிருமி இருந்தால் யூரியாவை உடைக்கும், அந்தக் கார்பன் மூச்சில் வெளியே வரும். என் மூச்சில் வரவில்லை.

மனைவியும் பரிசோதித்துக்கொண்டாள், அவளுக்கும் கிருமி இருந்தது. பெரும்பாலும் சிறு வயதில், குடும்பத்துக்குள்ளேயே ஒட்டுகிற கிருமி இது. சிங்கப்பூரில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் அதிகம் காணப்படுவது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994இலேயே இதைப் புற்றுநோய்க் காரணி என்று அறிவித்திருக்கிறது. அவளுக்கு டின்னில் கிளாரித்ரோமைசின் பை எதுவும் இல்லை, இருந்தும் மருத்துவர் நேரடியாக நான்கு மருந்தையே கொடுத்தார். முதல் தடவையிலேயே போய்விட்டது.

டின்னில் இருந்த மிச்ச மாத்திரைகளையெல்லாம் மருந்தகத்தில் கேட்டு அப்புறப்படுத்திவிட்டோம். மிச்ச ஆன்டிபயாட்டிக்கை வீட்டில் வைத்திருந்து, அடுத்த இருமலுக்கு நாமே எடுத்துச் சாப்பிடுவதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. ஆனால் பைகளை எறியவில்லை. லேபிள்களை உரித்து ஒரு நோட்டில் ஒட்டியிருக்கிறாள், ஆளுக்கு நாலு பக்கம். ஊருக்குப் போகும்போது அங்கே வாங்கிச் சாப்பிடும் மருந்தின் அட்டையையும் வெட்டி ஒட்டுகிறோம்.

போன மாதம் கிடங்கில் கூட வேலை பார்க்கும் ராமநாதபுரத்து பாய் ஒருவருக்கு இதே சிகிச்சை என்றார்கள். நோன்பு நெருங்கிக்கொண்டிருந்தது. நான்கு வேளை மருந்தும் நோன்பும் ஒத்துவராது. “நோன்பை விட முடியாது அண்ணே, மருந்தை எப்படிச் சாப்பிடறது?” என்று என்னிடம் வந்தார். மருத்துவரிடமே வெளிப்படையாகக் கேளுங்கள் என்றேன். புண் ஆறிவிட்டது, அவசரமில்லை, பெருநாள் முடிந்து ஆரம்பிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மனைவி போட்ட கட்டத்தை அவருடைய ஷிஃப்ட் நேரத்துக்கு மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறேன். மோர், பால், தே தாரிக் என்ற பால் தேநீர் மூன்றையும் மேலேயே சிவப்பு மையில் எழுதி அடித்துவைத்திருக்கிறேன்.